தமீமின் பங்கு

ஜனவரி 4, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். வருடா வருடம் கொடுப்பதுதான். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியை மட்டும் என் மனைவி ஜெய்த்தூன் அதில் எழுதி வைப்பாள். மற்ற பக்கமெல்லாம் சும்மா கிடக்கும். இந்த வருடம் எழுத அவள் இல்லை. போன ஜூலையில் மௌத்தாகிவிட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் சொந்த விவரம் கேட்டிருக்கிறார்கள். பெயர் காசிம். ஊர் கம்பம். வயது ஐம்பத்தேழு. படிப்பு என்ற கோட்டில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். ஆகவே ஒரு தடவை படித்தவர்களைவிட ஒரு வருடம் கூடுதலாகப் படித்தவன். ரத்த வகை தெரியாது. அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டிய நபர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

வீட்டில் நானும் ஒரு பிரிட்ஜும் இருக்கிறோம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே உடம்புதான். சத்தம் அதிகம், வேலை குறைவு. அதன் ப்ரீசரில் ஒரே ஒரு பொட்டலம். போன பக்ரீத்துக்கு நாங்கள் குர்பானி கொடுத்த ஆட்டின் கறி. குர்பானிக் கறியை மூன்று பங்கு போடுவோம். ஒன்று இல்லாதவர்களுக்கு, ஒன்று சொந்தபந்தத்துக்கு, ஒன்று வீட்டுக்கு. ஜெய்த்தூன் வீட்டுப் பங்கிலிருந்து ஒரு கிலோ போல, நெஞ்செலும்பாகப் பார்த்துப் பொறுக்கி, தமீமுக்கென்று கட்டிப் போடுவாள். தமீம் எங்களுக்கு ஒரே மகன். வெளிநாட்டில், தம்மாமில் வேலை. எந்த மாதம் லீவில் வந்தாலும் வந்த அன்றைக்கே அந்தக் கறியில் குழம்பு, எங்கள் பேச்சில் ஆணம், கொதிக்கும்.

இந்தப் பொட்டலத்தைக் கட்டி வைத்த ஐந்தாவது வாரம் அவள் போய்விட்டாள். இது அவன் வாயில் போய்ச் சேரும்வரை பிரிட்ஜை அணைக்க முடியாது. அணைக்காமலே வைத்திருப்பதால் ப்ரீசருக்குள் ஐஸ் வளர்ந்து கதவு மூடுவதில்லை. சைக்கிள் ட்யூபை வெட்டி இழுத்துக் கட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு உள்ளே யாரையோ பிடித்து அடைத்து வைத்திருப்பதுபோல் இருக்கும்.

ஜனவரி 7, புதன்

நாளைக்குக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை கரண்ட் கிடையாது. மாதாந்திரப் பராமரிப்பாம். எட்டு மணி நேரம் பொட்டலம் தாங்காது.

ஜனவரி 8, வியாழன்

தாங்கியது. நான்தான் தாங்கவில்லை.

காலையிலேயே மீன் கடையில் ஒரு தெர்மகோல் பெட்டியும் உடைத்த ஐஸும் வாங்கி, பொட்டலத்தை நடுவில் புதைத்து, வேனில் முன்சீட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். வீட்டில் வைக்க மனசில்லை. தெருப்பூனை வந்து போகும். பதினோரு பிள்ளைகளையும் ஏற்றியாயிற்று. யூகேஜி யாழினி மூக்கைச் சுளித்தாள்.

"அங்கிள், பொட்டியில மீனா?"

"இல்லம்மா. ஆடு."

"உயிரோடயா?"

"இல்ல. தூங்குது."

வழி முழுக்க எல்லாப் பிள்ளைகளும் மெதுவாகப் பேசின. ஆடு முழித்துவிடக் கூடாதாம். இருபது வருடமாக வேன் ஓட்டுகிறேன், இவ்வளவு அமைதியாக ஒரு நாளும் ஓட்டியதில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்தேன். மீன் கடைக்காரர் சொன்னார், "இறாலையெல்லாம் சும்மா ப்ரீசர்ல வச்சா காஞ்சு கருத்துப் போகும் பாய். தண்ணிக்குள்ள முக்கி உறைய வச்சிரணும். காத்துப் படாது, வருஷக்கணக்குல இருக்கும்." பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் ஓரத்தில் கறி வெளுத்துத்தான் இருந்தது. எவர்சில்வர் சம்படம் ஒன்றை எடுத்து, கறியைப் போட்டு, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, மூடியை அழுத்தி மூடி வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளிடம் பெருமையாகச் சொன்னேன். முப்பது வருடம் சத்துணவு ஆயாவாக ஊருக்கே ஆக்கிப் போட்ட பெண். ஜெய்த்தூனை மதினி என்பாள், என்னை அண்ணே என்பாள்.

"ஏண்ணே, தண்ணி உறைஞ்சா வீங்கும்ல. மூடியவும் அழுத்திட்டீங்களா?"

"அழுத்திட்டேன்."

"பத்தாவது ரெண்டு தடவ படிச்சீங்களே, ஒரு தடவையாச்சும் இதச் சொல்லித் தரலையா?"

ஜனவரி 12, திங்கள்

சம்படம் அடியில் தொப்பை போட்டுவிட்டது. மூடி திறக்கவில்லை. சரி, கறி பத்திரம்.

ஜனவரி 16, வெள்ளி

ஜும்மா தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். துணிக்கடை சுல்தான் தோளில் தட்டினான்.

"என்ன மச்சான், மகன் வந்திருக்கான் போல. போடி பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். மாமியா வீட்டுச் சோறு நல்லா ஒட்டியிருக்கு."

"ஆமாடா. நான்தான் சொன்னேன், முதல்ல அங்கன நாலு நாள் இருந்துட்டு வான்னு."

"அதான பாத்தேன்" என்று போய்விட்டான்.

தமீம் வந்தது எனக்குத் தெரியாது. போடி இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். செருப்பு கடைசிவரை கிடைக்கவில்லை. காலிலேயேதான் போட்டிருந்தேன்.

ஜனவரி 19, திங்கள்

மூன்று தடவை போன் அடித்தேன். முழுசாக அடித்து ஓய்ந்தது. நாலாவது தடவை மருமகள் எடுத்து, "அவங்க குளிக்கிறாங்க மாமா" என்றாள். பின்னால் அவன் யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டது. "சரிம்மா, நல்லா தேச்சுக் குளிக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டேன்.

ஊரில் எல்லாரும் சொல்லிக்கொண்டு திரிவதை நானே எழுதிவிடுகிறேன். கையெழுத்தாவது என்னுடையதாக இருக்கட்டும்.

ஜெய்த்தூனுக்கு நுரையீரலில் சளி கட்டி மதுரையில் ஐ.சி.யூ.வில் ஒன்பது நாள் வைத்திருந்தோம். தமீமிடம் "சாதாரணக் காய்ச்சல், லீவு போட்டு வந்து வேலைக்கு வேட்டு வச்சுக்காதே" என்றுதான் சொன்னேன். அவளும் அப்படித்தான் சொல்லச் சொன்னாள். பத்தாம் நாள் விடியும்போது முடிந்துவிட்டது. பதினொரு மணிக்கு அவள் மையத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தமீமுக்கு அன்றைக்கு ராத்திரி ப்ளைட். மறுநாள் மதியம் வீட்டில் இருப்பான். ஜமாஅத்துப் பையன்கள் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டார்கள், அவன் வரும்வரை மையத்தை அதில் வைக்கலாம் என்று. "ஒரே மகன், மொகம் பாக்கட்டும், வைக்கிறதுல தப்பில்ல" என்று பள்ளிவாசல் ஹஜரத்தும் சொன்னார். சுல்தான் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்திருந்தான். அதில் தமீம் கேட்டுக்கொண்டே இருந்தான். "அத்தா, ஒரே ஒரு ராத்திரித்தா. ஒரு ராத்திரி வைங்கத்தா."

நான் வேண்டாம் என்றேன். அன்று சாயந்தரமே, அசர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்றேன். அப்படியே நடந்தது.

மறுநாள் அவன் வந்து அவளை அடக்கிய மையவாடிக்குப் போனான். மூன்று நாள் இருந்தான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்மாம் போய்ச் சேர்ந்த பிறகும் இல்லை.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டவர்களிடமெல்லாம், மையத்தைத் தாமதிக்கக் கூடாது என்றேன். மார்க்கம் படித்த ஹஜரத்தே வைக்கலாம் என்கிறார். ஜும்மா பயானைக் கேட்கும்போதே தூங்கி விழுகிற நான் மார்க்கம் பேசினேன்.

போதும். சப்பாத்தி கருகுகிறது.

ஜனவரி 23, வெள்ளி

இன்றும் சுல்தான் கேட்டான். இன்றும் வருவான் என்றேன்.

ஜனவரி 27, செவ்வாய்

தமீம் முப்பதாம் தேதிக்குள் வேலையில் சேர வேண்டுமாம். மருமகள் சொன்னாள், அவனுக்குத் தெரியாமல்தான் பேசினாள். நான் போடிக்குப் போகலாம் என்று கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். டீ நன்றாக இல்லை.

ஜனவரி 29, வியாழன். மாலை மூன்றேகால்

தமீம் பேசினான்.

"அத்தா, தமீம் பேசுறேன்."

"தெரியுதுப்பா. உன் நம்பர் போன்ல அப்படியேதான் இருக்கு."

"என் பத்தாவது சர்ட்டிபிகேட் அங்க இருக்கா?"

"உன்னோடது இருக்கு. என்னோடதுதான் இல்ல."

சிரிக்கவில்லை. "விடியக்காலம் கொச்சின்ல ப்ளைட். போற வழியில வந்து வாங்கிக்கிறேன். ஆறரைக்கு வருவேன். எட்டு மணிக்குக் கிளம்பணும், கார் நிக்கும்."

"சாப்பிட்டுப் போப்பா."

கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"சரி" என்றான்.

ட்யூபை அவிழ்த்து சம்படத்தை எடுத்து வைத்துவிட்டேன். பாறாங்கல். மூன்றே முக்காலுக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும். யா அல்லா.

ஜனவரி 30, வெள்ளி

நேற்று நடந்ததை ஜும்மாவுக்கு முன்னால் எழுதிவிடுகிறேன்.

சம்படத்தைத் தூக்கிக்கொண்டு பேச்சியம்மாள் வீட்டுக்கு ஓடினேன். "தமீம் வர்றான். ஆறரைக்கு. இதை இளக்கணும். சுடுதண்ணியக் கொதிக்க வச்சு ஊத்திரவா?"

"ஊத்திறாதீங்க. மேல வெந்து வெளுத்துப்போகும், உள்ள கல்லா நிக்கும். அப்புறம் எத்தன விசில் விட்டாலும் நார் நாராத்தான் வரும். பச்சத் தண்ணியில போடணும், அரைமணிக்கொருக்கா தண்ணி மாத்தணும்."

"அதுக்கு ஆளு? நான் ட்ரிப்புக்குப் போகணுமே."

"இங்க குடுங்க, நான் பாக்குறேன்."

கொடுத்திருக்கலாம். புத்தியுள்ளவன் கொடுத்திருப்பான். என் கையைவிட்டு அது போக எனக்கு மனசு வரவில்லை. ஆம்னி வேனில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, உட்கார்ந்தாலே பின்பக்கம் வேகும். அந்தச் சூட்டில் இளகிவிடும் என்று கணக்குப் போட்டு, சம்படத்தைச் சாக்கில் சுற்றி சீட்டுக்குக் கீழே செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது.

ஆறாவது பிள்ளையை இறக்கும்போது யாழினி கத்தினாள், "அங்கிள், உங்க சீட்டு ஒண்ணுக்குப் போயிருச்சு!" மூடி இளகித் தண்ணீர் ஒழுக ஆரம்பித்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அவளைத் தூக்கிச் சுற்றியிருப்பேன். மிச்சம் ஐந்து பிள்ளைகளும் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டு வந்தன.

ஐந்தே காலுக்கு வீடு. பேச்சியம்மாள் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துத் தயாராக நின்றாள். சம்படத்தைக் கவிழ்த்து அடியில் குழவியால் நாலு தட்டுத் தட்டினாள். ஐஸ் தூண் ஒன்று வழுக்கிக்கொண்டு வாளியில் விழுந்தது. நடுவில் கறி, சுற்றிலும் கண்ணாடி. நான் வாளிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, தண்ணீரை மாற்றுவதும் கையை விட்டுத் தடவுவதுமாக இருந்தேன். விரல் மரத்துப்போனால் அக்குளில் வைத்துக்கொள்வேன், மறுபடி விடுவேன். ஓரத்துத் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. நடுவில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி மட்டும் விடவே இல்லை. நெஞ்செலும்பெல்லாம் அதற்குள்தான்.

"வெங்காயம் வெட்டி வச்சிட்டேன். மசாலா அரைச்சாச்சு. நான் வீட்டுல இருக்கேன்" என்றாள் பேச்சியம்மாள்.

"இரேன். அவன் உன்னையும் பாக்கட்டும்."

"இல்லண்ணே. நான் இருந்தா நீங்க என்கிட்டயே பேசிட்டு இருப்பீங்க."

ஆறே முக்காலுக்குக் கார் வந்து நின்றது. தமீம் மெலிந்திருந்தான். சுல்தானுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், பெண் பார்க்க வந்தவன்போல உட்கார்ந்தான். ஜெய்த்தூன் எப்போதும் உட்காரும் மூலையை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சர்ட்டிபிகேட்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, பிரிக்காமலே பக்கத்தில் வைத்தான்.

"உக்காருப்பா, பத்தே நிமிஷம்" என்று அடுப்படிக்கு ஓடினேன். வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. கழன்று வந்த துண்டுகளைக் குக்கரில் போட்டேன். கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கரண்டிக் காம்பால் நெம்பிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசல் நிலையில் சாய்ந்து நிற்கிறான்.

"என்னத்தா இது?"

"கறி. கொஞ்சம் ஓவரா பாதுகாத்துட்டேன்."

"எதுக்கு இந்தப் பாடு? கடையில ரெண்டு பரோட்டா வாங்கியிருந்தாப் போதும்ல."

"இது உன் பங்குப்பா. பக்ரீத்துக் கறி. அம்மா எடுத்து வச்சது."

அவன் கிட்டே வந்தான். கையை நீட்டினான். கட்டியைக் கொடுத்தேன். இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்துக்கொண்டே நின்றான். தண்ணீர் அவன் முழங்கைவரை ஓடி, வெள்ளைச் சட்டையெல்லாம் நனைந்தது. துடைக்கவில்லை.

"அம்மாவ ஒரு ராத்திரி வைக்க மாட்டேன்னுட்டீங்க" என்றான். "இத ஏழு மாசம் வச்சிருக்கீங்க."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னான். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடுகிற வாய். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி அந்த இடத்தைக் கடந்துவிடும். நேற்றும் ஓடியது.

"கறிக்குக் குளிராதுடா" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது வேடிக்கை இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"என்னத்தா சொல்றீங்க?"

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"மதுரையில அந்த ஏசி ரூமுல உங்கம்மா ஒரே பேச்சுத்தான் பேசினா. குளிருதுங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு. காலையில அஞ்சு நிமிஷம், சாயந்தரம் அஞ்சு நிமிஷம் உள்ள விடுவாங்க. ரெண்டு வேளையும் அதே பேச்சு. தொண்டையில கொழாய் வச்சதுக்கப்புறம் பேச முடியல. கைய மட்டும் இப்படி இப்படி ஆட்டுவா. வீட்டுக்குப் போனாக் குளிராது ஜெய்த்தூனுன்னேன். இனிமே உன்னக் குளிர விடமாட்டேன்னு கையில அடிச்சுச் சொன்னேன். வீட்டுக்குக் கொண்டாந்தா வாசல்ல அந்தப் பெட்டி நிக்குது. பயலுக ப்ளக்க மாட்டிட்டானுக. உர்ர்ருங்குது. கண்ணாடியில பனி ஏறுது. நான் எப்படிடா அதுக்குள்ள..."

வெங்காயம் கருகுகிற வாடை வந்தது. அவன்தான் கையை நீட்டி அடுப்பைக் குறைத்தான்.

"மௌத்தானவங்களுக்குக் குளிருமாத்தா?"

"குளிராது. அது எனக்குத் தெரியும். அதனாலதான் யார்கிட்டயும் சொல்லல."

கட்டியைக் குக்கருக்குள் அப்படியே போட்டான். எண்ணெய் சீறியது. அதற்குப் பிறகு சொன்னான்.

"எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம். ஆனா இப்ப சொல்லிட்டீங்கன்னு எனக்கு ஆறிருமாத்தா? ஒரு ராத்திரி குளிர்ந்திருந்தாலும் நான் மொகத்தப் பாத்திருப்பேன். நான் வந்து மண்ணத்தான் தொட்டுப் பாத்தேன். மத்தியானம். அது சுட்டுச்சு."

அவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப்போய் அவனிடமிருந்து அவளை எடுத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து நல்லது செய்கிற அளவுக்கு அன்றைக்கு எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

குக்கரை மூடினேன். விசிலுக்காக இருவரும் அடுப்படியிலேயே நின்றோம். உள்ளே ஐஸ் இருந்ததால் முதல் விசில் வரவே கால் மணி நேரம் ஆனது. ஏழே முக்காலுக்கு டிரைவர் ஹாரன் அடித்தார். ஐந்தாவது விசிலில் இறக்கி, மேலே தண்ணீர் ஊற்றிப் பிரஷரை அடக்கித் திறந்தேன்.

தரையில் பாய் விரித்து உட்கார்ந்தான். சோறு போட்டு ஆணத்தை ஊற்றினேன். ஓரத்துத் துண்டுகள் குழைந்து கரைந்திருந்தன. நெஞ்செலும்புக் கறி எலும்பை விடவில்லை. அவன் அதைத்தான் எடுத்தான். மெல்ல மெல்ல மென்றான். தாடை வலித்திருக்கும்.

"வேகலையாப்பா?"

"வெந்திருக்கு."

"உப்பு?"

"சரியா இருக்கு."

மூன்று துண்டு சாப்பிட்டான். எண்ணவில்லை, எலும்பைப் பார்த்துத்தான் தெரிந்தது. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனவன் திரும்பி நின்று ஸலாம் சொன்னான். வரும்போது சொல்லாததையும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. நான் பதில் ஸலாம் சொல்வதற்குள் காரின் கதவை மூடிவிட்டார்கள். போகிற காருக்குத்தான் சொன்னேன்.

அவன் போன பிறகு ஆணத்தை ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பே போடவில்லை நான்.

சர்ட்டிபிகேட் நாற்காலியிலேயே இருக்கிறது. மறதியில் அவன் என்னைக் கொண்டவன்.

ஜனவரி 31, சனி

ப்ரீசரை அணைத்துக் கதவைத் திறந்து வைத்தேன். நாள் முழுக்கத் தண்ணீர் வடிந்தது. மூன்று தடவை துடைத்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது தம்மாமிலிருந்து போன்.

"அத்தா, சாப்டீங்களா?"

"உன் மிச்சத்தத்தான் சாப்பிடுறேன். தெனம் சுட வச்சு, இன்னும் ஆறு விசில் விட்டேன். இப்பத்தான் பல்லுக்குப் பணியுது. ஏண்டா, உப்பே இல்லயே, சரியா இருக்குன்ன?"

"தெரியும்த்தா."

"சர்ட்டிபிகேட்ட விட்டுட்டுப் போயிட்டியே, கூரியர்ல போடவா?"

"வேணாம். என்கிட்ட இன்னொரு காப்பி இருக்கு. கம்பெனிக்கு அது போதும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ளாமலே இருப்பது நல்லது என்று விட்டுவிட்டேன். வேலை எப்படி, அங்கே வெயில் எப்படி என்று கேட்டேன். இந்த மாதத்தில் ஏது வெயில், குளிர்தான் என்றான். அந்த வார்த்தை வந்ததும் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன்.

"அத்தா, ஒண்ணு கேக்கவா?"

"கேளுப்பா."

"ப்ளைட்டுல ஏசி ஜாஸ்தியா இருந்துச்சு. அதுலருந்து இதே நெனப்பா இருக்கு. கடைசியிலயாச்சும் அம்மாவுக்குப் போத்திக்க ஏதாச்சும் குடுத்தாங்களா?"

என் வாய் எனக்கு முன்னால் ஓடியது.

"குடுத்தாங்கப்பா. கடைசி ரெண்டு நாள். நம்ம வீட்டுப் போர்வையே, அந்தப் பச்சைக் கட்டம் போட்டது. ஒரு நர்ஸ் பொண்ணு, மலையாளப் பொண்ணு, அதுக்கு மனசு கேக்கல. யாருக்கும் தெரியாம வாங்கிட்டுப் போய் கழுத்துவரைக்கும் போத்திவிட்டுச்சு. அதுக்கப்புறம் கைய ஆட்டல. நல்லாத் தூங்கினா."

அவன் அழுகிற சத்தம் கேட்டது. ஜூலையில்கூட எனக்கு முன்னால் அழாதவன்.

"அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்த்தா."

"ஆமாப்பா. அதுக்கு துவா செய்."

"அடுத்த வெள்ளிக்கிழமை கூப்பிடுறேன். போன எடுங்க" என்று வைத்தான். எடுக்காதவன் நான்தான் என்பதுபோல.

அப்படி ஒரு நர்ஸ் இல்லை. வெளித்துணியை உள்ளே விட மாட்டார்கள், நோயாளிக்குத்தான் ஆகாது, அவர்கள் மேல் குறை இல்லை. அந்தப் போர்வையை முதல் நாளே வீட்டிலிருந்து எடுத்துப்போயிருந்தேன். ஒன்பது நாளும் வராந்தாவில் என் மடியில்தான் இருந்தது. எனக்குக் குளிர்ந்தபோது நான் போர்த்திக்கொண்டு தூங்கினேன்.